நெவர்ன்: வேல்ஸின் ஒரு சிறு கிராமத்தில் பழைய கட்டடங்களைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேல்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கோட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கேர்னார்வன், கான்வி, கார்டிஃப் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த நாட்டின் வரலாறு எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது என்று கண்ணால் பார்க்க விரும்பினால், சின்னக் கிராமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்க அங்கேயே சுற்ற வேண்டும். அதற்கு நான் சிபாரிசு செய்வது நெவர்ன்.

தென்மேற்கு வேல்ஸில், பெம்ப்ரோக்ஷயர் மாவட்டத்தின் வடக்கில், நவர் ஆற்றின் கரையில் இருக்கிறது இந்த ஊர். வெல்ஷ் மொழியில் நான்ஹவர் என்பார்கள். பலகைகளிலும் வரைபடங்களிலும் இரண்டு பெயரையும் காணலாம். கொஞ்சம் வீடுகள், ஒரு கல் பாலம், ஒரு பழைய விடுதி, ஒரு தேவாலயம். காரில் போனால் இரண்டு நிமிடத்தில் ஊர் முடிந்துவிடும். ஆனால் நடந்து எட்டக்கூடிய தூரத்துக்குள் 1500 ஆண்டுப் பழமையான கல்வெட்டுகள், ஆயிரம் ஆண்டு வயதான கற்சிலுவை, 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டை, யாத்திரிகர்கள் மண்டியிட்ட பாறை எல்லாம் இருக்கின்றன.

இங்கே ஒரு கட்டடத்தின் முன் நின்று "இது எந்த வருஷம் கட்டியது?" என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். நெவர்னில் பழையது புதியதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஜன்னலின் அடிக்கல்லே அந்தச் சுவரைவிடப் பல நூற்றாண்டு மூத்ததாக இருக்கும். எனவே, இந்தச் சுவருக்குள் மிகப் பழையது எது, அது வேறெங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பழகுங்கள். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான். வேல்ஸின் வேறு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதே வரிசை கைகொடுக்கும்.

படி 1: கிளம்புமுன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். எல்லாமே இணையத்தில் இலவசம்.

முதலில் கோஃப்லைன். இது வேல்ஸின் பழஞ்சின்னங்களுக்கான அரச ஆணையத்தின் தரவுத்தளம். 1908-இல் தொடங்கிய அந்த ஆணையம் அபெரிஸ்ட்வித் நகரில் இயங்குகிறது. நெவர்ன் என்று தேடினால் தேவாலயம், கோட்டை, பாலம், பண்ணை வீடுகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு வரும். சிலவற்றுக்குப் பழைய படங்களும் வான்படங்களும் உண்டு. வரைபடத் தேடலைத் திறந்து கிராமத்தின்மேல் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர் தெரியாத இடங்களும் அதில்தான் அகப்படும்.

அடுத்தது காடு (Cadw). வெல்ஷ் அரசின் தொல்லியல் பாதுகாப்புத் துறைக்கு இதுதான் பெயர். பட்டியலிடப்பட்ட கட்டடங்களை முதல் தரம், இரண்டாம் தரம் நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வேல்ஸ் முழுவதும் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் பட்டியலில் உண்டு. முதல் தரம் அவற்றில் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் இருக்கும் விவரக் குறிப்பில் சுவர், கூரை, ஜன்னல், உட்புறம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். கோட்டைகளும் கற்சிலுவைகளும் வேறு பட்டியலில், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் என்ற தலைப்பில் இருக்கும். இரண்டையும் தேட மறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பழைய தசமபாக வரைபடங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தானியமாகக் கொடுத்துவந்த வழக்கத்தை 1836-இல் ஒரு சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக ஒவ்வொரு வயலையும் வீட்டையும் அளந்து, எண் போட்டு, நிலத்துக்காரர் யார், குடியிருப்பவர் யார், என்ன விளைகிறது என்று அட்டவணை தயாரித்தார்கள். வேல்ஸின் தேசிய நூலகம் இந்த வரைபடங்கள் அத்தனையையும் பிளேசஸ் ஆஃப் வேல்ஸ் என்ற தளத்தில் போட்டிருக்கிறது. இன்றைய வரைபடத்தின் மேல் பழையதை வைத்துப் பார்க்கலாம். இன்று வீடாக இருப்பது அன்று ஆலையாகவோ கொல்லன் பட்டறையாகவோ இருந்ததா என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காவதாக, பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 19-ஆம் நூற்றாண்டு இறுதியில் வெளியிட்ட, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் வேல்ஸுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. கிராமம் இருக்கும் தாளை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஆற்றுப் பள்ளத்தில் இருப்பதால் போன் சிக்னலை நம்பிப் போகக் கூடாது.

வரைபடத்தைப் பார்க்கும்போது சில வெல்ஷ் சொற்கள் தெரிந்திருந்தால் நல்லது. எக்லுயிஸ் என்றால் தேவாலயம், காப்பெல் என்றால் சிற்றாலயம், மெலின் என்றால் ஆலை, பாண்ட் என்றால் பாலம், எவைல் என்றால் கொல்லன் பட்டறை, பிளாஸ் என்றால் பெரிய வீடு, ஃபின்னான் என்றால் ஊற்று. கட்டடம் அழிந்து போயிருந்தாலும் பெயர் நிலத்தில் நிற்கும். இந்த ஏழும் இருந்தால் பாதி வரைபடம் புரிந்துவிடும்.

படி 2: எப்போது, எப்படிப் போவது

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெவர்னுக்குப் பக்கத்து ஊரின் பெயர் நியூபோர்ட். தென்கிழக்கு வேல்ஸில் இருக்கும் பெரிய நகரத்தின் பெயரும் நியூபோர்ட். ரயில் டிக்கெட் எடுக்கும்போது குழம்பினால் நாட்டின் மறு கோடியில் போய் இறங்குவீர்கள். நம்முடையது பெம்ப்ரோக்ஷயர் நியூபோர்ட், வெல்ஷில் டிரெவ்த்ரைத். அங்கே ரயில் நிலையமே கிடையாது. ஃபிஷ்கார்ட் அல்லது ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து டி5 பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் அபெரிஸ்ட்வித், கார்டிகன், நியூபோர்ட், ஃபிஷ்கார்ட், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்று போகிறது. நியூபோர்ட்டில் இறங்கினால் நெவர்ன் கிழக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை கிராமப்புற பஸ்கள் குறைவு; நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பருவம் என்று கேட்டால், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. கோட்டை மேடு முழுக்க மரமும் புதரும். கோடையில் இலை அடர்ந்தால் அகழியும் மண் கரையும் கண்ணுக்கே தெரியாது. ஏப்ரல் தொடக்கத்தில் நிலத்தின் வடிவம் அப்படியே தெரியும். ஏப்ரல் 7 இந்த ஊரின் புனிதர் பிரனாக்கின் நாள். அந்த நாளுக்கு இங்கே தனிக் கதை உண்டு, பின்னால் வருகிறேன்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: சேறு தாங்கும் காலணி, மழைச்சட்டை, நோட்டு, பென்சில், ஒரு சிறிய டார்ச். டார்ச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். கல்வெட்டு படிக்க அதுதான் கருவி. சாப்பாடும் தண்ணீரும் நியூபோர்ட்டிலேயே வாங்கிக்கொண்டால் கவலையில்லை.

படி 3: தேவாலயத்துக்குள் நுழையாமல் வெளியே சுற்றுங்கள்

புனித பிரனாக் தேவாலயத்தின் வாசலுக்கு வந்ததும் உள்ளே போக அவசரப்பட வேண்டாம். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் படி வைத்த ஒரு கல் மேடை இருக்கிறது. குதிரையில் வந்தவர்கள் ஏறி இறங்கப் போட்டது. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இந்தத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரத்திலிருந்து மக்கள் வந்தார்கள் என்பதற்கு அந்தப் படிக்கட்டே சாட்சி. சுற்றிலும் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கு இதுதான் தேவாலயம்.

கேட்டைத் தாண்டினால் இருபுறமும் யூ மரங்கள். வயது ஏறத்தாழ 700 ஆண்டு என்கிறார்கள். வலது பக்கம் இரண்டாவது மரத்தில், வெட்டப்பட்ட கிளையின் இடத்திலிருந்து சிவப்பாக ஒரு சாறு வடியும். இரத்தம் வடிக்கும் மரம் என்று பெயர். செய்யாத குற்றத்துக்காக இங்கே தூக்கிலிடப்பட்ட துறவியின் இரத்தம் என்று ஒரு கதை. மேலே இருக்கும் கோட்டையில் ஒரு வெல்ஷ் இளவரசன் மறுபடி அமரும்வரை மரம் வடித்துக்கொண்டே இருக்கும் என்று இன்னொரு கதை. இரண்டாவது கதையை மனதில் வையுங்கள், கோட்டைக்குப் போகும்போது அது வேறு மாதிரி கேட்கும். யூ மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கவனம்.

இப்போது தேவாலயத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். மேற்கே குட்டையான, தடித்த கோபுரம். அதன் மேல் விளிம்பு கோட்டை மதில் மாதிரி பல் பல்லாக வெட்டியிருக்கும். கட்டடத்தின் பெரும்பகுதி இடைக்காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1864-இல் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். எது பழைய சுவர், எது விக்டோரியா காலத்துக் கை என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. உள்ளூர்க் கற்களை அப்படியே, ஒழுங்கில்லாமல் அடுக்கியிருந்தால் பெரும்பாலும் பழையது. ஜன்னல் சட்டம் மட்டும் வேறு நிறத்தில், விளிம்பு கூர்மையாகச் செதுக்கப்பட்டிருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோட்டில் கல் இணைப்பு ஓடினால், அங்கே இரண்டு காலத்துக் கட்டுமானம் சந்திக்கிறது என்று பொருள். அடைக்கப்பட்ட கதவு, ஜன்னல் ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

படி 4: வித்தாலியானுஸ் கல். இங்கே நேரம் ஒதுக்குங்கள்

தெற்கு வாசல் மண்டபத்துக்குக் கிழக்கே ஒரு நெடுங்கல் நிற்கிறது. நாள் முழுதும் பார்க்கப் போகும் எல்லாவற்றையும் மிஞ்சி நிற்பது எனக்கு இதுதான். ரோமானியர்கள் பிரிட்டனை விட்டுப் போன பிறகு, 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் நட்ட நினைவுக்கல். முகப்பில் லத்தீன் எழுத்தில் 'வித்தாலியானி எமெரெட்டோ' என்று செதுக்கியிருக்கிறது. எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும். வித்தாலியானுஸ் என்பவரின் கல் என்பது தெளிவு. இரண்டாவது சொல் பணி முடித்து ஓய்வுபெற்றவரைக் குறிக்கிறது என்று சிலர் படிக்கிறார்கள்.

அப்புறம் கல்லின் விளிம்பைப் பாருங்கள். ஏதோ கத்தி தீட்டிய தழும்பு போல வரிசையாக வெட்டுகள் தெரியும். அது ஓகம் எழுத்து. அயர்லாந்தில் பிறந்த எழுத்துமுறை. கல்லின் விளிம்பே நடுக்கோடு. அதன் வலப்புறம், இடப்புறம், குறுக்கே என்று ஒன்று முதல் ஐந்து கோடுகள் வரை போட்டு மெய்யெழுத்துகளைக் காட்டுவார்கள். உயிரெழுத்துகள் விளிம்பின்மேலேயே சின்னச் சின்ன வெட்டாக இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

இந்தக் கல்லில் ஓகத்திலும் 'வித்தாலியானி' என்றே இருக்கிறது. எனவே நீங்களே படித்துப் பார்க்கலாம். வி என்பதற்கு வலப்புறம் மூன்று கோடு, பிறகு விளிம்பில் ஐந்து வெட்டு. தா என்பதற்கு இடப்புறம் மூன்று, விளிம்பில் ஒன்று. லி என்பதற்கு வலப்புறம் இரண்டு, விளிம்பில் ஐந்து. அடுத்து விளிம்பில் ஒரே ஒரு வெட்டு. கடைசியில் னி: வலப்புறம் ஐந்து, விளிம்பில் ஐந்து. 3, 5, 3, 1, 2, 5, 1, 5, 5. இந்த எண் வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டு கீழிருந்து தேடுங்கள். சில வெட்டுகள் தேய்ந்து போயிருக்கின்றன. டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். நிழல் விழும், வெட்டு எழுந்து தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வான வெயில் இருந்தால் டார்ச்சே தேவையில்லை.

கல்லின்மேல் சாக்பீஸ் பூசுவது, தாள் வைத்துத் தேய்ப்பது எதுவும் கூடாது. விரலால் எழுத்தைத் தடவுவதையும் விட்டுவிடுங்கள். 1500 ஆண்டு மழை செய்யாததை ஆயிரம் விரல்கள் செய்துவிடும்.

ஒரே மனிதருக்கு ஏன் இரண்டு எழுத்தில் நினைவுக்கல்? அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தென்மேற்கு வேல்ஸில் நிறைய இருந்தார்கள். ரோமானிய வழக்கமும் லத்தீனும் இன்னும் மறையவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே நிலத்தில் வாழ்ந்ததைக் காட்டும் ஆவணம் இது. காகிதத்தில் அந்தக் காலத்தைப் பற்றி இவ்வளவு நேரடியாகச் சொல்வது மிகக் குறைவு. அதனால்தான் இங்கே கால் மணி நேரமாவது நில்லுங்கள் என்கிறேன்.

படி 5: பெரிய சிலுவை

அதே தெற்குப் பக்கத்தில் புனித பிரனாக் சிலுவை நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செதுக்கியது. ஒரே கல் என்று தோன்றும். ஆனால் சக்கர வடிவத் தலைப்பகுதி தனிக் கல். தச்சர்கள் மரத்தில் போடுவதுபோல் முளையும் துளையும் வைத்துத் தலையைத் தண்டின்மேல் பொருத்தியிருக்கிறார்கள். அந்த இணைப்புக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நான்கு பக்கமும் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு பின்னல். சில கட்டங்களில் முடிவில்லாத முடிச்சு, சிலவற்றில் கோணம் கோணமாக மடங்கும் கோலம். ஒரு முடிச்சைத் தேர்ந்தெடுத்துக் கண்ணால் ஒரு இழையைப் பிடித்துப் போய்ப் பாருங்கள், கல்தச்சன் எங்கே மேலே, எங்கே கீழே என்று மாற்றியிருக்கிறான் என்பது புரியும். ஒரு முகத்தில் ஆண்டவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கமாக மூன்றெழுத்து உண்டு. மறு முகத்திலும் சில எழுத்துகள் இருக்கின்றன. அதற்கு அறிஞர்கள் ஒத்துக்கொண்ட விளக்கம் இல்லை. பெம்ப்ரோக்ஷயரின் தெற்கே கேரூவில் இதற்கு இணையான ஒரு சிலுவை இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள்.

முன்னே சொன்ன ஏப்ரல் 7 கதை இதுதான். ஒவ்வொரு ஆண்டும் அந்த வட்டாரத்தின் முதல் குயில் பிரனாக் நாளன்று இந்தச் சிலுவையின் உச்சியில் வந்து கூவுமாம். அது கூவாமல் பாதிரியார் பூசையைத் தொடங்க மாட்டாராம். ஒரு வருஷம் குயில் வர மிகவும் தாமதமாகி, எல்லோரும் காத்திருக்க, கடைசியில் தள்ளாடி வந்து ஒரே முறை கூவிவிட்டுச் செத்து விழுந்ததாம். 1603-இல் ஜார்ஜ் ஓவன் இதை எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து ஹென்லிஸைச் சேர்ந்த நிலக்கிழார், வரலாற்றாய்வாளர். பெம்ப்ரோக்ஷயரைப் பற்றி அவர் எழுதிய விவரணம்தான் அந்த மாவட்ட வரலாற்றுக்கு அடிப்படை நூல். சுண்ணாம்புப் பாறை நிலத்தடியில் எந்தத் திசையில் ஓடுகிறது என்றுகூட நடந்து பார்த்துக் குறித்தவர். 1613-இல் இறந்தார், இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம்.

படி 6: உள்ளே

வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்த்து, மெதுவாகக் கதவைத் திறந்து போங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். நேராகத் தெற்குப் பக்கச் சிறகுக்குப் போய் ஜன்னலின் அடிக்கல்லைப் பாருங்கள்.

படுக்கைவாட்டில் கிடப்பது இன்னொரு இருமொழிக் கல். லத்தீனில் 'மாக்லோகூனி ஃபிலி க்ளுதோரி'. க்ளுதோரியின் மகன் மாக்லோகூனின் கல். ஓகத்தில் அதே செய்தி, ஆனால் ஐரிஷ் வடிவத்தில்: 'மாக்லிகூனாஸ் மாக்வி க்ளுதார்'. லத்தீன் ஃபிலிக்கு ஈடாக ஐரிஷ் மாக்வி நிற்கிறது. வெளியே வித்தாலியானுஸ் கல்லில் ஓகத்தில் பெயர் மட்டும்தான் இருந்தது. இங்கே இரண்டு மொழியும் தத்தம் இலக்கணத்தோடு அருகருகே இருக்கின்றன. மாக்வி என்ற சொல்லைத் தேடுங்கள்: விளிம்பைக் குறுக்கே வெட்டும் ஒரு சாய்கோடு, ஒரு வெட்டு, இடப்புறம் ஐந்து கோடு, ஐந்து வெட்டு. கல் படுத்திருப்பதால் இடம் வலம் குழப்பும். தலையைச் சாய்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

யாரோ ஒரு கொத்தனார், பிற்காலத்தில், நல்ல நீளமான கல் என்று நினைத்து இதைச் சுவருக்குள் பயன்படுத்தியிருக்கிறார். அவர் எழுத்தைக் கவனித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சுவருக்குள் போனதால்தான் மழை படாமல் இவ்வளவு தெளிவாகத் தப்பியிருக்கிறது. வெளியே நிற்கும் கல்லோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அடுத்த ஜன்னலின் அடிக்கல்லிலும் பின்னல் வேலைப்பாட்டோடு ஒரு சிலுவை செதுக்கியிருக்கிறது. இது 10-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அந்தச் சிறகின் கல் வளைவுக் கூரையையும் நிமிர்ந்து பாருங்கள்.

வெளியே வரும்போது கல்லறைகளுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். டெகிட் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் ஜோன்ஸ் இங்கே பாதிரியாராக இருந்தவர், 1852-இல் மறைந்தார். வெல்ஷ் பழங்கதைகளான மாபினோகியோனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஷார்லட் கெஸ்ட் சீமாட்டிக்கு, இடைக்காலச் சுவடியிலிருந்து கதைகளைப் படியெடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இன்னொரு பழைய பாதிரியாரின் இரண்டு கைக்குழந்தைகளுக்கும் ஒரு கல்லறை இருக்கிறது. வாழ்க்கையின் கசப்பான கிண்ணத்தைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான்கு வரிப் பாட்டு அதில் எழுதியிருக்கிறது. படித்த பிறகு கொஞ்ச நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

படி 7: யாத்திரிகர் சிலுவையும் கோட்டையும்

தேவாலயத்திலிருந்து மேட்டில் ஏறும் சாலையில் போனால், பாதையோரப் பாறையில் ஒரு சிலுவை புடைப்பாகச் செதுக்கியிருப்பதைக் காண்பீர்கள். அம்புக்குறிப் பலகை உண்டு. அதன் அடியில் முழங்கால் வைக்கும் இடம் பாறையிலேயே குழிந்திருக்கிறது. வடக்கு வேல்ஸின் ஹோலிவெல்லில் இருந்து மேற்குக் கோடியில் இருக்கும் செயின்ட் டேவிட்ஸுக்குப் போன யாத்திரிகர்கள் இந்த வழியாக நடந்தார்கள். செயின்ட் டேவிட்ஸுக்கு இரண்டு முறை போனால் ரோமுக்கு ஒரு முறை போனதற்குச் சமம் என்று 12-ஆம் நூற்றாண்டில் போப் இரண்டாம் காலிக்ஸ்டஸ் சொன்னதாக வழங்கி வருகிறது. படிகள் வழுக்கும், பார்த்து ஏறுங்கள்.

அங்கிருந்து இன்னும் மேலே கோட்டை. உயர்ந்த சுவரை எதிர்பார்க்காதீர்கள். இருப்பது மண் மேடும் அகழியும், அங்கங்கே அடித்தளக் கற்களும்தான். ஆனால் கதை தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு மேடும் பேசும்.

1108-ஐ ஒட்டி, பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களில் ஒரு பிரபுவான ராபர்ட் ஃபிட்ஸ் மார்ட்டின் இந்தப் பகுதியைப் பிடித்துக் கோட்டை அமைத்தார். பிறகு வெல்ஷ் எழுச்சியில் அது கைமாறியது. தென்வேல்ஸின் பேரரசராகவே விளங்கிய ரிஸ் ஆப் கிரிஃபித், தன் மகள் அங்காரட்டை ராபர்ட்டின் மகன் வில்லியமுக்கு மணமுடித்து, கோட்டையையும் அவர்களிடம் விட்டார். அதே ரிஸ் 1191-இல், கொடுத்த வாக்கை மீறி, மருமகனிடமிருந்து அதைப் பறித்தார். மூன்று ஆண்டில், 1194-இல், அவருடைய சொந்த மகன்களே அவரைப் பிடித்து இதே கோட்டையில் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த ஜெரால்ட் என்ற மதகுரு, இது கடவுள் கொடுத்த தண்டனை என்றே எழுதினார். 1195-இல் அவருடைய மகன்களில் ஒருவரான ஹவெல் சைஸ், நார்மன்கள் கையில் மறுபடி போகக் கூடாதென்று கோட்டையை இடித்தார்.

இடித்த பிறகு ஃபிட்ஸ் மார்ட்டின் குடும்பம் இங்கே திரும்பவில்லை. கடற்கரையை ஒட்டி நியூபோர்ட்டில் புதுக் கோட்டையும் புது ஊரும் உண்டாக்கினார்கள். நெவர்ன் கிராமமாகவே நின்றுபோனதற்குக் காரணம் அதுதான் என்பது என் கருத்து. கோட்டை இங்கேயே வளர்ந்திருந்தால் சந்தை வந்திருக்கும், மதில் வந்திருக்கும், அந்தப் பழைய கற்களில் பாதி எங்கேயோ அடித்தளமாகப் போயிருக்கும்.

மேட்டில் மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள். வடமேற்கு மூலையில் உயரமான குன்று. அதன் உச்சியில் வட்டக் கல் கோபுரம் இருந்தது. வடக்கே இரட்டை மண் கரை. கிழக்கு முனையில், பாறையை வெட்டி ஆழமாகத் தோண்டிய அகழிக்கு அப்பால், மூன்று பக்கமும் செங்குத்தாக இறங்கும் ஒரு தனித் துண்டு நிலம், அது உள்கோட்டை. பாறையில் உளி கொண்டு இவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்பதை அகழியின் விளிம்பில் நின்றுதான் உணர முடியும். விளிம்புக்கு வெகு அருகில் போக வேண்டாம்.

டர்ஹாம் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 2008 முதல் பல ஆண்டுகள் இங்கே அகழ்ந்தார்கள். சுவர்கள் சிலேட்டுக் கல்லால் ஆனவை. சுண்ணாம்புக்குப் பதில் களிமண்ணை வைத்துக் கட்டியிருந்தார்கள். நுழைவாயில் பகுதியில் நட்சத்திரம் முதலிய கீறல்கள் கொண்ட சிலேட்டுத் துண்டுகள் கிடைத்தன. கெட்டது உள்ளே வராமல் காக்க வாசலில் வைத்தவை என்று அவர்கள் கருதுகிறார்கள். இது பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

படி 8: இறங்கி வந்து ஊரைப் பாருங்கள்

இதற்கு நீண்ட நேரம் வேண்டாம். பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு, வீடுகளின் கூரையைக் கவனியுங்கள். வடக்குப் பெம்ப்ரோக்ஷயரில் சிலேட்டுக் கூரையின்மேல் சிமென்ட் குழம்பைப் பூசி மெழுகும் வழக்கம் உண்டு. கடற்காற்றில் ஓடு பறக்காமல் இருக்கச் செய்தது. பழுது பார்க்கும்போது இந்த வழக்கம் மறைந்துவருவதால், எங்கே கண்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி எந்தச் சுவரில் இருக்கிறது, ஜன்னல்கள் கதவுக்கு இருபுறமும் சமமாக இருக்கின்றனவா, ஒரு பக்கம் பின்னால் சேர்த்ததா என்று மட்டும் பாருங்கள். வாசலில் நின்றே பார்க்கலாம். வீடுகள் மக்கள் வாழும் இடம், தோட்டத்துக்குள் நுழைந்து படம் எடுப்பது மரியாதையில்லை. யாராவது வெளியே இருந்தால் வணக்கம் சொல்லி விசாரியுங்கள். வெல்ஷில் காலை வணக்கத்துக்கு 'போரே டா'. அதைச் சொல்லித் தொடங்கினால் பேச்சு நீளும்.

படி 9: நேரம் மிச்சமிருந்தால்

காரில் வந்திருந்தால் தெற்கே பிரெசெலி மலையடிவாரத்தில் இருக்கும் பென்ட்ரே இவான் கற்திட்டைக்குப் போங்கள். ஏறத்தாழ கி.மு. 3500-ஐச் சேர்ந்த ஈமச்சின்னம். 5 மீட்டர் நீளமும் சுமார் 16 டன் எடையும் கொண்ட மூடுகல், மூன்று கூர்முனைக் கற்களின்மேல் நிற்கிறது. பிரிட்டனின் முதல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882-இல் வந்தபோது வேல்ஸிலிருந்து பட்டியலில் சேர்ந்த மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. கட்டணம் இல்லை. இன்னொன்று காஸ்டெல் ஹென்லிஸ்: இரும்புக்கால மலைக்கோட்டையில், அகழ்ந்தெடுத்த அதே அடித்தளங்களின்மேல் வட்ட வீடுகளை மறுபடி கட்டியிருக்கிறார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் நேரம் மாறும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பென்ட்ரே இவானைத் தேர்ந்தெடுங்கள்.

பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டையும் மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, மாலையில் நியூபோர்ட்டுக்கு நடந்துவிடுவது நல்லது. இரவு தங்கும் இடத்தில் நோட்டைத் திறந்து, பார்த்த ஒவ்வொரு கட்டடத்தையும் கோஃப்லைன் குறிப்போடு ஒப்பிடுங்கள். உங்கள் கண்ணில் பட்ட ஏதாவது அதில் இல்லையென்றால் படத்தோடு அந்த ஆணையத்துக்கு எழுதலாம். விசாரணைகளுக்கு அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.